தினேஸ்வரி வேனுக்கு விளக்கு மாட்டிய நாள்

செம்மோரைத் தாண்டிப் பெரிய சாலையை விட்டுச் செம்மண் பாதையில் இறங்கினால் செராயா தோட்டம். இறங்கிய பிறகு கைப்பேசியில் சிக்னல் கோடு கிடையாது, கடை கிடையாது, எதிரே வரும் மனிதர் கிடையாது. இரண்டு பக்கமும் செம்பனை, முடிவில் ஒரு கேட், கேட்டில் தூங்கி வழியும் காவல்காரர், ஒரு ஜாகா. நான் பிறந்ததும் அங்கேதான். ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது என் அப்பா சவரிநாதன் எங்களைக் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க எனக்கு ஆசையில்லை. தினேஸ்வரி அங்கே இருக்கிறாள், அதனால் போகிறேன்.

அவளும் நானும் ஒரே ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவர்கள். தாய்மார் பாலெடுக்க மரம் வெட்டப் போனதும் பிள்ளைகளை அந்தக் கொட்டகையில்தான் விட்டுப் போவார்கள். என்னைவிடச் சின்னவள் என்பதால் இன்றுவரை அவளுக்கு நான் அக்கா. கல்யாணமாகியாவது வெளியே போவாள் என்று பார்த்தால், நாலு வீடு தள்ளி இருந்த தேவனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். ஒரு தகரப் பெட்டியோடு நாலு வீடு நடந்தாள். உன் ஆயுசில் நீ செய்த பெரிய பயணம் அதுதான்டி என்று நான் கிண்டல் செய்வேன். முன்பெல்லாம் சிரிப்பாள்.

மரம் வெட்டினாள். மரம் போனதும் புல் வெட்டினாள், உரம் போட்டாள். பிறகு அந்த வேலைகளைக் காண்ட்ராக்டர் எடுத்துக்கொண்டு வெளிநாட்டு ஆட்களை இறக்கினார், அவளை வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். பெரிய பையன் சிங்கப்பூரில், சின்னவன் ஜொகூரில். லயத்து வரிசையில் பாதி வீடுகளுக்குப் பூட்டு, மீதிப் பாதியில் குரங்கு. தேவன் தோட்டத்து டிராக்டரை ஓட்டிக்கொண்டு காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். அம்மன் கோயில் வாசலில் மட்டும்தான் கைப்பேசிக்குக் கோடு கிடைக்கும். அங்கே நின்றுகொண்டு ஒருநாள் எனக்கு அழைத்தாள்.

"அக்கா, கூட்டுறேன், சமைக்கிறேன், மத்தியானம் ஆனா இனிமே என்னா செய்றதுன்னு செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். மூச்சு முட்டுதுக்கா."

நான் ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே ஓர் இடம் காலியாக இருந்தது. எங்கள் சூப்பர்வைசர் விவியனிடம் நான் கெஞ்சாத குறைதான். அவளும் சரியென்றாள். ஆனால் நோயாளிகளுக்குக் காலைக் கஞ்சி விடியும்போதே போய்ச் சேர வேண்டும். தினேஸ்வரி கும்மிருட்டில் தோட்டத்தைவிட்டுக் கிளம்பினால்தான் முடியும்.

கிளம்ப அவளிடம் வண்டி இருந்தது. பத்துமலை என்று பேர் கொண்ட அவள் அப்பா காய்கறி விற்ற பழைய வெள்ளை வேன். அவர் சாகும்போது மகள் பேரில் எழுதிவைத்துவிட்டுப் போனார், ஓட்டவும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன். ஆனால் அந்த வேனுக்கு இடதுபக்கக் கண் போய்விட்டது. காட்டுப்பன்றி ஒன்று பாதையில் குறுக்கே பாய்ந்து முட்டியதில், விளக்கைத் தாங்கும் இரும்பே பிய்ந்து, விளக்கு ஒயரில் தொங்கியது. தேவன் அதை ராபியா பிளாஸ்டிக் கயிற்றால் கட்டிவைத்தார். வலதுபக்க விளக்கோ துருப்பிடித்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் போட்டால் செம்பனை உச்சியில் இருக்கும் ஆந்தைக்குத்தான் வெளிச்சம்.

விளக்கை மாற்றிக்கொடுங்கள் என்று அவள் கேட்டாள். தேவனை நான் என்ன சொல்வது? அடிக்க மாட்டார், திட்ட மாட்டார், குடிக்க மாட்டார். இல்லை என்ற சொல்லே அவர் வாயில் வராது. "ஆகட்டும் லா, பாத்துக்கலாம்" என்பார். அதோடு சரி. சண்டை போடுகிற புருஷனிடம் திருப்பிச் சண்டை போடலாம். ஆகட்டும் என்கிற புருஷனை என்ன செய்வது? பஞ்சு மூட்டையில் குத்தின கதைதான். வேலைக்குச் சேரும் தேதியை விவியன் ஒருமுறை தள்ளிவைத்தாள். இரண்டாவது முறை நான் கேட்டபோது அவள் முகம் மாறிவிட்டது.

"இந்தத் திங்கக்கிழமை வரலைன்னா வேற ஆள எடுத்துருவேன் லா கார்மென். எனக்கும் மேல ஆள் இருக்கு."

என் வீட்டில் வந்து தங்கிக்கொள் என்றும் சொல்லிப்பார்த்தேன். தினேஸ்வரி ஒப்பவில்லை.

"வீட்ட விட்டு ஓடி வந்தவன்னு பேரு எனக்கு வேணாக்கா. காலைல போவணும், வேலை செய்யணும், சாயந்தரம் வரணும். நாலு பேரு மாதிரி போயிட்டு வர ஒரு பொழப்பு. அது போதும்."

சரி, நீயே மாட்டு என்றேன், பாதி விளையாட்டாகத்தான். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கோயில் வாசலில் நின்று, வேனுக்கு விளக்கு மாற்றும் காணொளிகளைப் பார்த்துத் தள்ளினாள். உடைந்த இரும்பை எல்லாப் பக்கமும் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். அதை எடுத்துக்கொண்டு ஈப்போவில் பழைய வண்டிச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். "லெங்லுய், எந்த வண்டி?" என்று கடைக்காரச் சீனத் தவுக்கே என்னை அழகி ஆக்கினார். என் வயதுக்கு அது பொய்யென்று இருவருக்கும் தெரியும், இருந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. விளக்கு உட்காரும் சட்டி, அதைச் சுற்றிப் பிடிக்கும் வளையம், விளக்கை மேலும் கீழும் திருப்புகிற நீள ஸ்க்ரூக்கள், அவற்றைக் கடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் நட்டுகள், ஸ்பிரிங், பல்பு சொருகும் சாக்கெட் என்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும், சேலையைக்கூட மாற்றாமல், என் காடியை ஓட்டிக்கொண்டு செராயா போனேன். மறுநாள் திங்கள். தினேஸ்வரி வேனைத் தன் வீட்டு முன்னால், பழைய ஆயாக் கொட்டகைச் சுவரைப் பார்த்தபடி நிறுத்திவைத்திருந்தாள். பாவாடை மேல் புருஷனின் பழைய சட்டை. தேவன் வாசலில் நாற்காலி போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"வா கார்மென். இவளுக்கு என்னாத்துக்கு இந்த சூசா, தொந்தரவு? அடுத்த வாரம் தர்மா வர்றேன்னு சொல்லியிருக்கான், அவன் பாத்துருவான்."

தர்மா செம்மோரில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். அடுத்த வாரம் வருகிற தர்மாவைப் பற்றி நான் எத்தனையோ வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் சொல்ல வாய் துறுதுறுத்தது. தினேஸ்வரி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றினாள். அப்புறம் முன்முகத்தில் இருக்கும் கிரில். அந்த வேனில் கிரில்லைக் கழற்றாமல் விளக்கின் பக்கமே போக முடியாது. கீழே ஸ்க்ரூ, மேலே பிளாஸ்டிக் கவ்விகள். வெயிலில் காய்ந்து அப்பளமாகிக் கிடந்த கவ்விகளை, தட்டையாக்கிய ஒரு கரண்டிக் காம்பை உள்ளே விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக நெம்பினாள். ஒன்றுகூட உடையவில்லை. கிரில் வந்ததும் வேன் பொக்கை வாயோடு எங்களைப் பார்த்தது.

உடைந்த சட்டி லேசில் வரவில்லை. அதைப் பிடித்திருந்த ஸ்க்ரூவில் துரு ஏறித் தலையே தேய்ந்துபோயிருந்தது. துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டுக் காத்திருந்தோம். மறுபடி அடித்தோம். சுத்தியலால் லேசாகத் தட்டினாள், திருப்பினாள், அது அசையவில்லை. பேட்டரிக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்த சந்தில் முழங்கைவரை கையை விட்டுக் குறடால் பின்பக்கமாகப் பிடித்தாள். கை உள்ளே போனது, திரும்பி வர மறுத்தது. அவள் இழுக்க, தகரம் தோலைச் சீவியது. கன்னம் வேனின் முகத்தில் அழுந்தியிருக்க, அப்படியே என்னைப் பார்த்தாள்.

"பாருக்கா. இந்த வண்டியும் என்னைய விடமாட்டேங்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. அந்த வேனை, அந்த லயத்தை, அந்தச் செம்பனை எல்லாவற்றையும் ஒரே உதையாக உதைக்க வேண்டும் போல இருந்தது. சமையல் எண்ணெயைக் கொண்டுவந்து அவள் முழங்கையில் ஊற்றினேன். கை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பவே சொன்னேன்ல. பொம்பளக் கைக்கு ஆவற வேலையா?"

"உங்க கை சும்மாத்தானே இருக்கு தேவண்ணே, கொஞ்சம் குடுங்களேன்" என்றேன்.

"ஆகட்டும்" என்றார். நாற்காலி அசையவில்லை.

மத்தியானத்துக்கு மேல் அந்த ஸ்க்ரூ மனது வைத்தது. புதுச் சட்டியை உட்காரவைத்து, பிளாஸ்டிக் நட்டுகளைத் தட்டிச் சொருகி, நீள ஸ்க்ரூக்களை ஏற்றினாள். ஸ்பிரிங்கை மாட்டப்போனபோது அது துள்ளி வாசலோரச் சாக்கடைக் காண்டாவில் விழுந்தது. நான் பூசைக்குக் கட்டிய பட்டுச் சேலையோடு காண்டாவில் இறங்கிச் சேற்றைத் துழாவி அதை எடுத்தேன். மாதா என்னை மன்னிப்பார், சேலை மன்னிக்காது. வளையத்தைப் பூட்டி, சாக்கெட்டைச் சொருகி, பேட்டரியை இணைத்து விளக்கைப் போட்டாள். இடது விளக்கு மினுக் மினுக்கென்று மின்மினியாக எரிந்தது.

ஒயர் மாறிப்போயிருந்தது. பழைய சாக்கெட்டையும் புதுச் சாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு ஒயராகப் பார்த்து மாற்றிச் சொருகினாள். முறத்து அரிசியில் கல் பொறுக்குகிற நிதானம். மறுபடி போட்டாள். வெள்ளை வெளேரென்று கொட்டகைச் சுவரில் அடித்தது பாருங்கள் ஒரு வெளிச்சம்!

அதற்குப் பிறகுதான் திருப்பும் வேலை. மேகம் கவிந்து பொழுது சீக்கிரமே மங்கியது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. தரையிலிருந்து விளக்கு எவ்வளவு உயரம் என்று துடைப்பக் கட்டையால் அளந்து, அதே உயரத்துக்குச் சுவரில் கரியால் கோடு போட்டாள். வெளிச்சம் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே விழ வேண்டும், மேலே போனால் எதிரே வருகிறவன் கண் கூசும். நான் சுவரருகில் நின்று மேலே, கீழே என்று கத்தினேன். அவள் திருப்பினாள். வலது விளக்கின் ஸ்க்ரூக்களையும் மாற்றி அதையும் தரைக்கு இறக்கினாள். இரண்டு வெளிச்சமும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. கிரில்லை மாட்டித் தட்டினாள். ஸ்க்ரூக்களை முடுக்கினாள்.

"அக்கா, நாளைக்கு நான் வேலைக்குப் போறேன்." சின்னப் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், என் கையெல்லாம் கிரீஸ். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்து வெகுகாலமாகிறது.

நான் திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. தேவனின் மோட்டார் சைக்கிள் கேட்டுப் பக்கம் போகும் சத்தம் கேட்டது.

நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அந்த மோட்டார் திரும்பி வந்தது. பின்னால் இன்னொரு மோட்டாரில் பூசாரி சன்னாசி. செம்மோரில் மகன் வீட்டில் இருக்கிறவர், தோட்டத்து அம்மன் கோயிலுக்கு வாராவாரம் வந்து விளக்கேற்றிவிட்டுப் போவார். எங்களுக்கெல்லாம் மாமா. அவரைக் கூட்டிவந்த தேவனின் முகத்தில் இதுவரை நான் பார்க்காத சுறுசுறுப்பு.

"புது லைட்டு போட்டாச்சு. வண்டிக்கு ஒரு சூடம் காட்டிருவோம்னு மாமாவ இட்டாந்தேன்."

தினேஸ்வரிக்கு முகம் பூத்துவிட்டது. அவர் மனசார ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்தாள் பாவம், நானுமே அப்படித்தான் நினைத்தேன். ஓடிப்போய்ச் சாமித் தட்டைத் தானே எடுத்துவந்தாள். பூசாரி வேனுக்குப் பொட்டு வைத்தார், எலுமிச்சம்பழம் சுற்றினார், சூடம் காட்டினார், வண்டிச் சாவிக்கும் பொட்டு வைத்துத் தேவனிடம் கொடுத்தார். அவள் கண்ணை மூடிக் கைகூப்பினாள். நான் என் பங்குக்கு ஒரு சிலுவை போட்டுக்கொண்டேன். அவள் கண்ணைத் திறந்தபோது, பூசாரி குனிந்து கிரில்லின் நடுக்கம்பியில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நூலில் ஒரு மஞ்சள் துண்டு.

தினேஸ்வரி தட்டோடு கிட்டே போய்க் குனிந்தாள்.

"மாமா, இது காப்பு. திருவிழாவுக்கு மொத நாளு வெள்ளிக்கிழமதானே கட்டணும்?"

"அந்த வெள்ளிக்கிழம எனக்குத் தைப்பிங்ல ஒரு கல்யாண வீடும்மா. இன்னைக்கே நாளு நல்லாருக்கு, வண்டிக்கும் எனக்கும் கட்டிருங்கன்னு தேவன்தான் சொன்னாரு. ஏன், உங்கிட்டச் சொல்லலியா?"

அந்தத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பிறக்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் திருவிழாவில் அம்மனைச் சுமந்து ஊர்வலம் வருவது அந்த வேன்தான். அதனால் சாமி தூக்கும் ஆளுக்குக் கட்டுவது போல வேனுக்கும் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டியது ஆளோ வண்டியோ, திருவிழா முடிந்து காப்பை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. கேட்டுக்கு வெளியே நிற்கும் கல்தான் எல்லை. தாண்டினவனுக்குக் கால் போயிற்று, தாண்டினவன் வீட்டில் தீப்பிடித்தது என்று ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். திருவிழாவோ அடுத்த வாரத்துக்கும் அடுத்த வாரம். விவியன் நாளைக் காலையில் கஞ்சிப் பானையருகில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பாள்.

பூசாரி தேவனின் மணிக்கட்டிலும் ஒரு நூலைக் கட்டினார். மூன்றாவதாக ஒன்றை மஞ்சளில் நனைத்தார்.

"தினேசுக்கும் கட்டிருங்க மாமா" என்றார் தேவன் மெதுவாக. "இந்த வருசம் அவளும் வெரதம் இருக்கட்டும்."

பூசாரி நூலை நீட்டினார். தினேஸ்வரி கையை நீட்டவில்லை.

"கையெல்லாம் கிரீஸ் மாமா. சாமி நூலு அழுக்காயிரும். கழுவிட்டு வாரேன்."

சொன்னாளே தவிரக் கழுவப் போகவில்லை. தட்டை இறக்கிவைத்துவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். நான் தேவனின் முகத்தைப் பார்த்தேன். கோபமில்லை, கள்ளமில்லை, ஒரு வெற்றிகூட இல்லை. நிம்மதி. பெரிய பாரத்தை இறக்கிவைத்தவனின் நிம்மதி. எனக்கு ரத்தம் கொதித்தது. இல்லை என்று சொல்லத் துப்பில்லாமல் அந்தச் சொல்லை அம்மனின் வாயில் வைத்துவிட்டாரே!

அறுத்துப் போடு என்று கத்தியிருப்பேன். நான் மாதாவைக் கும்பிடுகிறவள், எனக்கு அது வெறும் நூல் என்று சொல்லலாம். சொன்னால் பொய். அந்த மண்ணில் வளர்ந்தவளுக்கு அது வெறும் நூல் ஆகாது, என் கையே அதன் பக்கம் போகாது. அவள் கை எப்படிப் போகும்? அவளை எல்லாப் பக்கமும் அடைத்தாகிவிட்டது. வீடு, பாதை, கேட், இப்போது சாமியும். படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதது நான்தான். அவள் அழவில்லை. வேனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள்.

"மாமா, ஒரு சந்தேகம். காப்பு எதுல கட்டியிருக்கு?"

"வண்டில."

"வண்டில எதுல?"

பூசாரி குனிந்து பார்த்தார். "இந்தா, முன்னால, கிரில்லுல."

"காப்ப அவுக்கவும் கூடாது, அறுக்கவும் கூடாது. எல்லையத் தாண்டியும் போவக் கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். கரண்டிக் காம்பை எடுத்தாள். காப்போடு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்த தேவன் எழுந்தார், அன்று அவர் அதைவிட்டு வேகமாக எழுந்தது அப்போதுதான். "தினேசு, என்னா செய்ற?" என்றார். அவள் காதில் வாங்கவில்லை. கீழே ஸ்க்ரூக்களைக் கழற்றினாள். மேலே கவ்விகளை ஒவ்வொன்றாக நெம்பினாள். காலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்த வேலை இப்போது சோறு பிசைகிற மாதிரி போயிற்று. நூலின் மேல் விரல்கூடப் படாமல் கிரில்லைத் தனியாக எடுத்து, இரண்டு கையிலும் ஏந்தி, பூசாரி முன்னால் நின்றாள்.

"இது இங்கயே இருக்கட்டும் மாமா. எல்லையத் தாண்டாது. திருவிழா அன்னைக்கு மத்தியானமே வண்டியக் கொண்டாந்து திரும்ப மாட்டிருவேன். ஆத்தாளுக்கு ஒரு கொறையும் வராது."

பூசாரி கிரில்லைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், தாடியைச் சொறிந்தார். அவர் மட்டும் கூடாது என்றிருந்தால் அவள் அதை மறுபடி மாட்டியிருப்பாள், எனக்குத் தெரியும். அதற்கு மேல் அவளிடம் வழியில்லை.

"எனக்குத் தெரிஞ்சு காப்பு எங்க இருக்கோ அதுக்குத்தான் கட்டு" என்றார் கடைசியில். "வேலைக்குப் போற பொம்பளைய ஆத்தா ஏன் மறிக்கப் போறா? கோயில் உள்ளுக்கு வைக்க எடமில்லம்மா, நம்ம தேவன் வீட்லயே இருக்கட்டும். சுத்தமா வச்சுக்குங்க."

தேவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மோட்டாரை முடுக்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது உதட்டில் சிரிப்பு இருந்ததா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அடுத்த முறை அவரைப் பார்த்தால் ஒரு போத்தல் நல்ல தேன் வாங்கிக்கொடுப்பேன்.

தேவன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், தினேஸ்வரி கிரில்லை அவர் மடியில் வைத்தாள். காப்புக் கட்டிய கையால் அவர் அதைப் பிடித்துக்கொண்டார், வேறென்ன செய்வார்? சாமியின் பொருளைத் தரையில் வைக்க முடியாது. அவள் கையை நீட்டினாள்.

"வண்டிச் சாவி."

சட்டைப்பையைத் தடவி எடுத்துக் கொடுத்தார். நான் சாமான்களைப் பையில் அள்ளிக்கொண்டிருந்தேன். அவர் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

"எங்கண்ணன் வேலைக்குன்னுதான் போனான். தம்பி போனான். நம்ம பசங்க போனானுங்க. போயிட்டு வாரேன்னுதான் எல்லாரும் சொன்னாங்க." கிரில்லைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நீ திரும்பி வருவியா தினேசு?"

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் தடுமாறிப்போனது. இந்த மனிதர் பயந்திருக்கிறார், இத்தனை நாளும் பயந்துகொண்டேதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வருவேன் என்று சொல்லிவிடடி என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. தினேஸ்வரி கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்தாள். அது அவருடைய பழைய சட்டை.

"இத்தன மாசத்துல இத ஒரு தடவ கேட்டிருந்தீங்கன்னா, வருவேன்னு யோசிக்காமச் சொல்லியிருப்பேன்" என்றாள். "இப்ப யோசிக்க வேண்டியிருக்கு."